சத்தத்துக்குள் ஒரு கணக்கு

இந்த வாரம் கொஞ்சம் சத்தமான ஊருக்குப் போகலாம். தாத்தா பாட்டிகள் பயப்பட வேண்டாம். போனின் வால்யூமை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் பெயர் உமெயோ. ஸ்வீடனின் வடக்கே, தலைநகர் ஸ்டாக்ஹோமிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பல்கலைக்கழக நகரம். டிசம்பர் மாதத்தில் நாலரை மணி நேரம்தான் வெளிச்சம். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்படிப்பட்ட ஊரில் பதின்பருவப் பையன்கள் என்ன செய்வார்கள்? பாட்டு வாசித்தார்கள். ஸ்வீடனில் உள்ளாட்சி நிர்வாகமே நடத்தும் இசைப் பள்ளிகள் உண்டு. பணக்கார வீட்டுப் பிள்ளைகள்தான் கிடார் பிடிக்க முடியும் என்ற நிலை அங்கே இல்லை.

அந்த ஊரில் 1987-ல் உருவான இசைக்குழுதான் மெஷுகா. யித்திஷ் மொழியில் ‘கிறுக்கு’ என்று பொருள். பேருக்கு ஏற்ற ஆட்கள்தான். ஆனால் அந்தக் கிறுக்குக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

த்ராஷ் என்றால் என்ன?

மெட்டல் இசையில் பல கிளைகள். அதில் ஒன்று த்ராஷ். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மெட்டாலிகா, ஸ்லேயர் போன்ற குழுக்கள் பெரிதாக்கிய பாணி. வேகமான டிரம்ஸ், ரம்பம் அறுப்பதுபோல் கிடார், பாடுவதைவிடக் கத்துவது அதிகம். உலகம் முழுக்க எத்தனையோ பையன்கள் மெட்டாலிகாவைக் கேட்டுவிட்டு கேரேஜுக்குள் புகுந்து அதேபோல வாசிக்க ஆரம்பித்தார்கள். மெஷுகாவும் அப்படித்தான் ஆரம்பித்தது. 1991-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பமான ‘கான்ட்ரடிக்‌ஷன்ஸ் கொலாப்ஸ்’ஸைக் கேட்டால், நல்ல த்ராஷ் குழு, மெட்டாலிகாவின் சாயல் தெரிகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். விற்பனையும் பெரிதாக இல்லை.

அங்கேயே நின்றிருந்தால் இன்று இவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது.

விரல் போனது, காது போனது

முதல் ஆல்பத்துக்குப் பிறகு அடி மேல் அடி. குழுவின் முதன்மை கிடார் கலைஞர் ஃப்ரெட்ரிக் தோர்டெண்டால் அப்போது வயிற்றுப்பாட்டுக்குத் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலையில் இடது கை நடுவிரலின் நுனி துண்டாகிவிட்டது. கிடார் வாசிப்பவருக்கு இடது கை விரல்தான் மூலதனம். அதே காலகட்டத்தில் டிரம்மர் தோமஸ் ஹாக்கேயின் கை கிரைண்டர் மெஷினில் மாட்டிக் காயம் பட்டது. மாதக்கணக்கில் மேடை ஏற முடியவில்லை. நல்லவேளை, தோர்டெண்டாலின் விரல் நுனியை மருத்துவர்கள் மறுபடி ஒட்டவைத்தார்கள். அது பழையபடி வேலை செய்தது.

1995-ல் அமெரிக்கக் குழுவான மெஷின் ஹெட்டுடன் ஒரு நீண்ட சுற்றுப்பயணம். பாதி வழியில் பேஸ் கிடார் வாசித்த பீட்டர் நோர்டினுக்கு உள்காதில் கோளாறு, நிற்கவே தடுமாறினார். அவர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. மீதிப் பேர் பயணத்தை நிறுத்தவில்லை. நாலு பேராகவே வாசித்து முடித்தார்கள். சில இடங்களில் கிடாரின் ஒலியைக் கருவி மூலம் தாழ்த்தி பேஸ் போல ஒலிக்கவைத்தார்கள். சில இடங்களில் தோர்டெண்டாலே பேஸ் வாசித்தார்.

அந்த ஆண்டு வந்த ‘டிஸ்ட்ராய் இரேஸ் இம்ப்ரூவ்’ ஆல்பம்தான் திருப்புமுனை. மெட்டாலிகாவின் சாயல் போய்விட்டது. அந்த இடத்தில், அதுவரை யாரும் கேட்டிராத ஒரு தாளம் உட்கார்ந்திருந்தது.

மேஜையில் தட்டிப் பாருங்கள்

அந்தத் தாளம் என்ன என்பதைச் சொல்வதைவிடச் செய்து பார்ப்பது சுலபம். போனைக் கீழே வையுங்கள். வலது கையால் மேஜையில் ஒரே சீராகத் தட்டுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இப்படி நாலு சுற்று. மொத்தம் 16 தட்டு. இது சின்னக் குழந்தைக்கும் வரும்.

இப்போது இடது கையைத் தொடையில் வையுங்கள். அது ஐந்து எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் தட்ட வேண்டும். முதல் சுற்றில் ‘ஒன்று’ வரும்போது தட்டும். அடுத்தது இரண்டாவது சுற்றின் ‘இரண்டில்’ விழும். பிறகு மூன்றாவது சுற்றின் ‘மூன்றில்’, நான்காவது சுற்றின் ‘நான்கில்’. ஒவ்வொரு முறையும் ஓர் அடி தள்ளித் தள்ளிப் போகிறது, இல்லையா? கடைசியில் விழுந்த தட்டை அப்படியே வெட்டிவிட்டு, இரண்டு கையும் மறுபடி ‘ஒன்றில்’ சேர்ந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாலைந்து முறை முயன்றால் தலை சுற்றும். மெஷுகாவின் இசைக்கு அடிப்படை இதுதான். ஹாக்கேயின் வலது கை சிம்பலில் நாலு நாலாகப் பிடிவாதமாக அடித்துக்கொண்டே இருக்கும். அவருடைய கால்கள் பேஸ் டிரம்மில் கிடாரோடு சேர்ந்து வேறொரு கணக்கில் ஓடும். அந்தக் கணக்கு ஐந்தாக இருக்கலாம், இன்னும் நீளமாகவும் இருக்கலாம். கேட்பவருக்குத் தாளம் தப்பிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் வலது கை தப்பவே இல்லை. காத்திருந்தால் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சேர்வார்கள். சேரும் அந்த நொடியில் கிடைக்கும் நிம்மதிக்காகத்தான் ரசிகர்கள் அத்தனை சத்தத்தையும் தாங்குகிறார்கள்.

இதை ஆராய்ச்சியாளர்களும் விட்டுவைக்கவில்லை. ஜொனாதன் பீஸ்லாக் என்ற இசையியலாளர் 2007-ல் ‘மியூசிக் தியரி ஸ்பெக்ட்ரம்’ என்ற ஆய்விதழில் மெஷுகாவின் தாளத்தைப் பிரித்து மேய்ந்து கட்டுரையே எழுதினார்.

எட்டுத் தந்தி

சாதாரண கிடாருக்கு ஆறு தந்தி. மெஷுகாவுக்கு அது போதவில்லை. இன்னும் கீழ் ஸ்தாயி வேண்டுமென்று முதலில் ஏழு தந்தி, பிறகு எட்டுத் தந்தி என்று போனார்கள். 2002-ல் ‘நத்திங்’ ஆல்பத்துக்காக எட்டுத் தந்தி கிடார்களைத் தனியாகச் செய்யச் சொன்னார்கள். வந்த மாதிரிக் கிடார்கள் சரியாக வேலை செய்யவில்லை. வேறு வழியில்லாமல் ஏழு தந்தி கிடாரின் ஸ்ருதியைக் குறைத்து ஆல்பத்தை முடித்தார்கள்.

அந்த ஆல்பம் நன்றாகவே போனது. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலிலும் நுழைந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர்கள் நல்ல எட்டுத் தந்தி கிடார் கைக்கு வந்த பிறகு, மொத்த ஆல்பத்தின் கிடார் பகுதிகளையும் மறுபடி வாசித்து 2006-ல் திரும்ப வெளியிட்டார்கள். நாலு வருஷம் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது!

‘தி ஆஸ்போர்ன்ஸ்’ என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியிலும் இவர்கள் தலைகாட்டினார்கள், வேடிக்கையான முறையில். மெட்டல் நட்சத்திரம் ஓஸி ஆஸ்போர்னின் மகன் ஜாக், சத்தம் போடும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பழிவாங்க மெஷுகாவின் பாட்டைத்தான் அலறவிட்டார்.

மனிதனா, மெஷினா?

2005-ல் வந்த ‘கேட்ச் தர்ட்டித்ரீ’ 47 நிமிடம் ஓடும் ஒரே நீண்ட பாட்டு. அதில் டிரம்ஸ் முழுக்கக் கம்ப்யூட்டரில் அமைத்தது. ‘இனி இவர்கள் கையால் வாசிக்க மாட்டார்கள்’ என்று நினைத்தவர்களுக்கு மூன்று வருடம் கழித்து பதில் வந்தது. 2008-ல் ‘ஓப்ஸென்’ ஆல்பம். அதில் ‘ப்ளீட்’ என்ற பாட்டு.

ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டில் டிரம்மரின் இரு கால்களும் கிட்டத்தட்ட நிற்காமல் ஓடுகின்றன. இரண்டு வேக அடி, இரண்டு சற்று நிதான அடி என்று மாறி மாறி வரும் கோர்வை. எழுதிவிட்டார்களே தவிர, ஹாக்கேக்கே முதலில் அது வரவில்லை. ஆல்பத்தின் மற்ற எல்லாப் பாட்டுகளுக்கும் சேர்த்து எவ்வளவு பயிற்சி எடுத்தாரோ, அவ்வளவு நேரம் இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் எடுத்ததாகப் பிறகு சொன்னார். புகழ் வந்து 13 வருடம் ஆன ஒருவர், தன் பாட்டுக்கு முன்னால் மாணவனாக உட்கார்ந்திருக்கிறார். இன்று யூடியூபில் உலகெங்கும் இளம் டிரம்மர்கள் தங்களைச் சோதித்துப் பார்க்கும் பாட்டு அது.

இவர்களைப் பார்த்து ஒரு தலைமுறையே கிளம்பியது. கனத்த தந்தியை உள்ளங்கையால் அமுக்கி அடிக்கும்போது எழும் ஒலியை வைத்து அந்தப் பாணிக்கு ‘ஜென்ட்’ என்று பெயரும் வந்தது. 2018 கிராமி விருதுக்கு ‘கிளாக்வொர்க்ஸ்’ என்ற பாட்டு பரிந்துரையானது. விருது கிடைக்கவில்லை. அதனால் ஒன்றும் குறையவில்லை.

வீடு திரும்பியவர்

2017-ல் தோர்டெண்டால் மேடைப் பயணங்களிலிருந்து ஒதுங்கினார். தனக்கென ஒரு ஸ்டுடியோ அமைக்கப் போனார். பெர் நில்சன் என்ற கிடார் கலைஞர் மேடையில் அவர் இடத்தை நிரப்பினார். நாலு வருடம் கழித்து தோர்டெண்டால் திரும்பி வந்தார். 2022-ல் ‘இம்யூட்டபிள்’ ஆல்பம் வந்தது. பாடகர் யென்ஸ் கிட்மன், கிடார் மோர்டன் ஹாக்ஸ்ட்ரோம், டிரம்ஸ் ஹாக்கே ஆகிய மூவரும் 1990-களின் தொடக்கத்திலிருந்து இவருடன் இருப்பவர்கள். பேஸ் வாசிக்கும் டிக் லோவ்க்ரென் வந்தே இருபது வருடம் ஆகிறது. இதற்கிடையே ஹாக்கேயின் கையில் தோல் நோய் வந்து சுற்றுப்பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டிய நிலையும் வந்தது. ஐம்பது வயதில் இந்த இசையை வாசிப்பது உடம்போடு நடத்தும் பேரம்தான்.

இத்தனைக்கும் இவர்களுக்கு ஊரே முணுமுணுக்கும் ஹிட் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. கிட்மன் மெட்டு பாடுவதில்லை. ஒரே சுரத்தில் உறுமுகிறார். எளிமையாக்கினால் இன்னும் விற்கும் என்று யாருக்கும் தெரியும். அவர்கள் ஒவ்வொரு முறையும் கணக்கைக் கடினமாக்கினார்கள். அந்தப் பிடிவாதத்துக்காகவே ஒரு கூட்டம் முப்பது வருடமாகப் பின்னால் வருகிறது.

எங்கே ஆரம்பிக்கலாம்?

முதலில் ‘ரேஷனல் கேஸ்’. சிம்பலை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு நாலு நாலாக எண்ணுங்கள். பிடி கிடைத்ததும் ‘ஃப்யூச்சர் ப்ரீட் மெஷின்’. கடைசியாக ‘ப்ளீட்’. இயர்போனில் கேட்பவர்கள் பாதி வால்யூமைத் தாண்ட வேண்டாம். காது திரும்பக் கிடைக்காது.

வீட்டில் பிள்ளைகள் இதுபோன்ற ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தால், “என்ன சத்தம் இது?” என்று கேட்பதற்குப் பதில், “இதில் எங்கேடா ‘ஒன்று’ வருகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். சேர்ந்து எண்ணலாம்.