திம்பத்தில் திக்கும் வண்டி

பண்ணாரி அம்மனைக் கும்பிட்டு, நெற்றியில் புற்று மண்ணும் இட்டுக்கொண்டு, தகப்பனார் காலத்து அம்பாஸிடரில் திம்பம் மலை ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் எதிரே இறங்கி வந்த லாரிக்கு வழி விட்டு நிற்கிறீர்கள். அது போனதும் கிளச்சை விட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். வண்டியோ, சம்பந்தி வீட்டார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் ஒரு கணம் யோசிக்கிறது! பிறகு ஒரு குலுக்கு, அதற்கப்புறம்தான் இழுக்கிறது.

சத்தியமங்கலம் கடைவீதியில் இது வெறும் எரிச்சல்தான். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவே. மலை வளைவிலோ பின்னால் ஒரு சுமை லாரி மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒரு கணத்தில் வண்டி இரண்டு முழம் பின்னுக்கு நழுவினால் என்ன ஆகும்? இறங்கி பானெட்டைத் திறந்து பார்க்கலாமென்றால், அந்தக் காடு 2013 முதல் புலிகள் காப்பகம். கரும்பு லாரியை எதிர்பார்த்து யானைகளும் சாலைக்கு வருகின்றன. ஆகவே வைத்தியத்தை வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்வதுதான் உத்தமம்.

ஒர்க்‌ஷாப்பில் போய், “வண்டி தயங்குகிறது” என்று மட்டும் சொல்வீர்களானால், “கார்புரேட்டரையே மாத்திப் போட்டுறலாமுங்க” என்றுதான் பதில் வரும். மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்கிற நோயாளியை வைத்துக்கொண்டு டாக்டர்தான் என்ன செய்வார்? எப்போது தயங்குகிறது என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

மிதித்த அந்தக் கணத்தில் மட்டும் தயங்கி, பிறகு ஒழுங்காக ஓடுகிறதா? சங்கதி இதுதான்: ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் காற்று உடனே உள்ளே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கித்தான் வரும். இந்தக் குறையை நிரப்ப ஸோலெக்ஸ் கார்புரேட்டரில் ஒரு சின்னப் பம்ப் வைத்திருக்கிறார்கள். மிதித்தவுடன் அது கொஞ்சம் பெட்ரோலைப் பீச்ச வேண்டும். பீச்சுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது, அதை ஓட விடாமல், ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி லீவரைக் கையால் திருப்புங்கள். (பக்கத்தில் பீடி, சிகரெட் யாரும் பற்ற வைக்கக் கூடாது!) மெல்லிய தாரை உடனே பாய்ந்தால் பம்ப் சுகம். சொட்டினாலோ, தாமதித்து வந்தாலோ உள்ளேயிருக்கும் டயாப்ரம் கிழிந்திருக்கலாம். அல்லது துவாரம் அடைத்திருக்கலாம். முழுக் கார்புரேட்டரையும் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ள மிகப் பழைய வண்டியில் இந்தப் பம்ப் கிடையாது. அதற்குப் பதிலாக, மேலே உள்ள மூடியைத் திருகி எடுத்தால், எண்ணெயில் அமிழ்ந்திருக்கும் ஒரு தண்டு வரும். அந்த எண்ணெய் வற்றினாலே வண்டி திக்கும். சில சொட்டு எண்ணெயில் தீருகிற இந்த வியாதிக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டு.

ரப்பர் சமாசாரத்தில் இப்போது புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2022-இல் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் கலந்தார்கள். 2025-இல் அது இருபது பங்காயிற்று. கரும்பு விளைகிற நம் சீமைக்கு அது நல்ல செய்திதான்! ஆனால் அம்பாஸிடர் தயாரிப்பு 2014-இலேயே நின்றுவிட்டது. எத்தனாலை நினைத்துச் செய்யாத பழைய டயாப்ரமும் ரப்பர் குழாயும் அதில் ஊறி உப்பும், விறைக்கும், வெடிக்கும். போதாக்குறைக்கு, எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக் கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு இது ஆகாது. ஆகவே உதிரி வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். கசிகிற குழாய் தயக்கத்தோடு நிற்காது, தீயையும் கொண்டு வரும்.

பம்ப் ஒழுங்காக இருந்தும் தயக்கம் போகவில்லையென்றால் டிஸ்டிரிபியூட்டருக்கு வாருங்கள். அதன் பக்கவாட்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தகடு நகர வேண்டும். நாக்கால் முனையை அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று சுலபமாக வந்தால் அங்கேயும் டயாப்ரம் போய்விட்டது. அம்பாஸிடரில் பாயிண்ட் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இருக்கட்டும். தயக்கமாக இல்லாமல் ‘படபட’ என்று மிஸ்ஸிங் அடித்தால் பிளக்கையும் கண்டென்ஸரையும் முதலில் சந்தேகியுங்கள்.

நாலைந்து வளைவு நன்றாக ஏறிவிட்டு அப்புறம் மூச்சு வாங்குகிற வண்டிக்கு நோய் வேறு. பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை. டாங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போய், பிறகு வண்டி இழுத்தால், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. இல்லையேல் பில்டரைப் பாருங்கள். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாவதும் உண்டு. பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் சரியானால் அதுதான் காரணம்.

ஒன்று மட்டும் நோயல்ல. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். இழுவையும் அந்த அளவு குறையும். திம்பம் சுமார் 1,100 மீட்டர் உயரம். உச்சியில் வண்டி கொஞ்சம் சோர்ந்தால் அதற்காகக் கார்புரேட்டரைத் திருகி வைக்காதீர்கள். இறங்கி வந்ததும் அதுவே புது வியாதியாகிவிடும்.

ரிப்பேர் முடிந்ததா? மலைக்குப் போகுமுன் பவானிசாகர் சாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத சமயம் பார்த்து, மூன்றாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து சட்டென்று மிதித்துப் பாருங்கள். பத்துத் தடவை மிதித்தால் பத்துத் தடவையும் யோசிக்காமல் இழுக்க வேண்டும். ஒன்பது தடவைதான் இழுத்தது என்றால், பஸ்ஸில் போய் வாருங்கள்.