வைரஸுக்கு விலாசம் கொடுத்தவர்கள்

மாதத்துக்கு இரண்டு முறையாவது அந்தச் செய்தி நாளிதழில் வந்துவிடும். வடபழனி என்றோ தி.நகர் என்றோ இடத்தின் பெயர்தான் மாறும், வாசகம் மாறாது. ‘மசாஜ் சென்டர் என்ற பெயரில் விபச்சாரம், புரோக்கர் கைது, அழகிகள் மீட்பு.’ கடைசி வரியும் முன்பே அச்சுக் கோத்து வைத்ததுதான்: மீட்கப்பட்ட பெண்கள் மயிலாப்பூரில் உள்ள அரசு மகளிர் காப்பகத்தில் சேர்க்கப்பட்டனர். அங்கே காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஆண்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி இருக்காது. வீட்டுக்குப் போயிருப்பார்கள், வேறெங்கே!

வெள்ளத்தில் சிக்கியவரை மீட்டால் கரையில் விடுவோம். இந்த நாட்டில் பாலியல் தொழிலாளியை மீட்டால் கதவைப் பூட்டிச் சாவியை அதிகாரியிடம் கொடுப்பார்கள். அவள் கேட்டாளா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாறு இப்படிப் பூட்டப்பட்ட ஒரு கதவுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. அதை நாம் மறந்துவிட்டோம். மறந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

1985 முடிந்து 1986 பிறக்கிற நேரம். எய்ட்ஸ் மேல்நாட்டுக்காரனின் ஒழுக்கக்கேட்டு நோய், நம் பண்பாட்டுக்குள் அது நுழையாது என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மும்பையைப் போல இங்கே தனியான சிவப்பு விளக்குப் பகுதி கிடையாது. பாலியல் தொழிலாளர்களை எங்கே போய்த் தேடுவது? மருத்துவமனைக்கு வந்த சில பெண்களின் சீட்டில் ‘வி. ஹோம்’ என்று எழுதியிருந்ததை நிர்மலா கவனித்தார். அதாவது விஜிலன்ஸ் ஹோம். போலீஸ் பிடித்து, ஜாமீன் கட்டக் காசில்லாத பெண்களைக் கொண்டுபோய் அடைத்த அரசு இல்லம். இன்று செய்தித்தாள்கள் மயிலாப்பூர் காப்பகம் என்று எழுதுவது அந்த வழியில் வந்ததைத்தான்.

நிர்மலா அங்கே போய் மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளை எடுத்தார். கையுறை இல்லை, பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லை. பிரித்த சீரத்தைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். பிப்ரவரி 1986-இல் வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டார்கள். மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

துணிச்சலான வேலைதான், அதைக் குறைத்துப் பேசவில்லை. சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் தொடங்கி, மற்ற மருத்துவர்கள் தொடக்கூடத் தயங்கிய நோயாளிகளை 2015-இல் சாகும்வரை பார்த்துக்கொண்டவர். இறந்த பிறகு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நிர்மலாவின் பெயர் முப்பது வருடம் கழித்தாவது வெளியே வந்தது. ஆனால் அந்த ஆறு பெண்கள்? தங்கள் ரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே நினைத்திருந்தார்கள். இதை நிர்மலாவே பிற்காலத்தில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். மறுத்திருந்தால்தான் என்ன நடந்திருக்கும்? பூட்டிய வீட்டுக்குள் இருப்பவளின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

1987-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் கட்டுரை வந்தது. தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்: தமிழ்நாட்டின் விலைமாதரிடம் இந்தக் கிருமி இருப்பதற்குச் சான்று. கிருமி விலைமாதரிடம் இருக்கிறது, முற்றுப்புள்ளி. அவர்களிடம் அது எப்படி வந்தது? மண்ணிலிருந்து முளைத்ததா? ஒவ்வொரு பெண்ணுக்கும் அதைக் கொண்டுவந்து கொடுத்த ஓர் ஆண் இருந்திருக்கிறான். அவனைத் தேடி யாரும் டெஸ்ட் டியூபோடு போகவில்லை. போகவும் முடியாது, ஏனென்றால் அவனை அடைத்துவைக்க அரசிடம் இல்லம் இல்லை. அன்றைக்கு வைரஸுக்கு ஒரு விலாசம் எழுதினார்கள். அந்த விலாசம் இன்றும் மாறவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்களை, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. 1990-இல் மும்பையிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை ரயிலில் அழைத்துவந்தார்கள். அந்த ரயிலுக்கு ‘முக்தி எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். முக்தி! வந்து இறங்கியவர்களுக்குக் கிடைத்தது ரத்தப் பரிசோதனையும் பூட்டிய இல்லமும். சியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்காடிய பிறகுதான் கதவு திறந்தது. பாலியல் தொழிலாளர்களோடு வேலை செய்கிற ‘சியாப்’ அமைப்பு அந்த வழக்கிலிருந்து பிறந்தது. கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞரை 1989-இல் இதே காரணத்துக்காக இரண்டு மாதத்துக்கு மேல் அடைத்தார்கள், அது நாடறிந்த கதை, படங்கள்கூட வந்தன. நம்மூர்ப் பெண்களின் கதைக்குப் படம் எடுக்க ஆளில்லை.

இதெல்லாம் அறியாமைக் காலத்துச் சங்கதி, இப்போது மாறிவிட்டது என்பவர்கள் சட்டத்தை எடுத்துப் படிக்கட்டும். 1956-இன் சட்டத்தை அதே 1986-இல் திருத்தி, ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அதன் 8-ஆம் பிரிவு, பொது இடத்தில் கண்ணசைத்து அழைப்பதைக் குற்றம் என்கிறது. பெண் செய்தால் ஆறு மாதம் வரை சிறை. அதையே ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம். 10-ஏ பிரிவின்படி பெண்ணை மட்டும் தண்டனைக்குப் பதிலாகச் ‘சீர்திருத்த’ நிலையத்தில் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை வைக்கலாம். குற்றவாளியே அல்லாத, ‘மீட்கப்பட்ட’ பெண்ணையும் 17-ஆம் பிரிவு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்க அனுமதிக்கிறது. 15-ஆம் பிரிவு, பிடிபட்டவருக்குப் பால்வினை நோய் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்கிறது. வாடிக்கையாளரைச் சோதிக்கச் சொல்லி ஒரு வரி காட்டுங்கள், பார்ப்போம். 7-ஆம் பிரிவில் கோயில், பள்ளி, மருத்துவமனை, ஹோட்டல் ஆகியவற்றுக்கு 200 மீட்டருக்குள் தொழில் செய்தால் குற்றம். மயிலாப்பூர் வரைபடத்தை விரித்து, கபாலீசுவரர் கோயில், முண்டகக்கண்ணி அம்மன் கோயில், சாந்தோம் தேவாலயம், நடுவில் உள்ள பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் சுற்றி 200 மீட்டருக்கு வட்டம் போட்டுப் பாருங்கள். மிச்சம் எவ்வளவு இடம் இருக்கும்? அந்தப் பிரிவு ஆணையும் சேர்த்தே தண்டிக்கச் சொல்கிறது. எந்தச் செய்தியிலாவது பார்த்திருக்கிறீர்களா?

வெள்ளைக்காரன் செய்ததும் இதேதான். சிப்பாய்களின் உடம்பைக் காக்க, 1868-இல் தொற்றுநோய்ச் சட்டம் போட்டுப் பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகப் பரிசோதித்து, ‘லாக் ஹாஸ்பிடல்’களில் அடைத்தான். 1888-இல் அவனே அதைக் கைவிட்டான். நாம்தான் விடவில்லை.

மயிலாப்பூருக்கு இது புதிதல்ல. கச்சேரி சாலை என்ற பெயரைக் கேட்டால் இன்று பலருக்கு டிசம்பர் சீசன் ஞாபகம் வரும். அந்தக் கச்சேரி அதிகாரிகளின் கச்சேரி, பாட்டுக் கச்சேரி அல்ல. ஆனாலும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில் ஓர் உண்மை இருக்கிறது. சதிர் ஆடிய பெண்களிடமிருந்து ஆட்டத்தைத் தனியே உரித்தெடுத்து, பரதநாட்டியம் என்று பெயரிட்டு, சபா மேடையில் ஏற்றினார்கள். ஆடியவளின் பரம்பரைக்குத் ‘தாசி’ என்ற வசவு மட்டும் மிஞ்சியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்த முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் கேட்டது அந்தப் பெண்களின் விடுதலையை. ஊர் எடுத்துக்கொண்டது கலையை. பெண்ணிடமிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு பெண்ணைத் தள்ளிவைப்பதில் நம் ஊருக்கு நல்ல பயிற்சி உண்டு.

இப்போது அரசின் சொல்லகராதிக்கு வருகிறேன். பாலியல் தொழிலாளர், ஆணோடு உறவுகொள்ளும் ஆண், திருநங்கை, ஊசிவழி போதை எடுப்பவர் எல்லோரும் ‘உயர் ஆபத்துக் குழு’. அவர்களிடம் போய்வருகிற லாரி ஓட்டுநர், இடம்பெயர்ந்த தொழிலாளி ஆகியோர் ‘பாலம்’. மிச்சமிருப்பவர்கள் ‘பொது மக்கள்’. அதாவது நோய் ஒரு கரையில் குடியிருக்கிறது, பாலம் வழியாக நடந்து வந்து பத்தினி மனைவியைத் தொடுகிறது. சேரி, ஊர், நடுவில் ஒரு பாதை என்று நாம் பார்த்த வரைபடத்தைப் போலவே இல்லை இது?

எண்களை நான் மறுக்கவில்லை. 2021 கணக்கெடுப்பில் நாட்டின் வயது வந்தோரில் தொற்று 0.21%. பெண் பாலியல் தொழிலாளரிடம் அது 2%-ஐ ஒட்டி, திருநங்கையரிடம் 4%-ஐ ஒட்டி, ஊசிவழி போதை எடுப்போரிடம் 9%. இந்த வித்தியாசம் உண்மை. அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சண்டை. ஆபத்து அவள் உடம்பில் இல்லை. பையில் ஆணுறை இருந்தால் அதையே சாட்சியாக வைத்து வழக்குப் போடுகிற இன்ஸ்பெக்டர் இருக்கும்போது, எந்தப் பெண் ஆணுறையோடு தெருவில் நிற்பாள்? போலீஸ் வேன் வருவதற்குள் பேரத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில், ‘உறை வேண்டாம்’ என்கிற குடிகாரனிடம் எத்தனை நிமிடம் வாதாடுவாள்? 377-ஐ 2018 வரை தலைக்குமேல் தொங்கவிட்டுவிட்டு, திருநங்கை ஏன் மருத்துவமனைக்கு வரவில்லை என்று கருத்தரங்கம் நடத்தினார்கள். ‘ஆபத்தான நடத்தை’ என்று எதை எழுதுகிறார்களோ, அதில் பாதி காவல் நிலையத்தின் நடத்தை.

இதற்குச் சோதித்துப் பார்த்த மாற்று இல்லாமலில்லை. கல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992-இல் ஸ்மரஜித் ஜனா என்ற மருத்துவர், பாலியல் தொழிலாளர்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார். அந்தப் பெண்கள் சங்கம் வைத்தார்கள். ஒருத்தி மறுத்தால் பக்கத்து வீட்டுக்காரியும் மறுப்பாள் என்ற நிலை வந்த பிறகுதான் ஆணுறை வேலை செய்தது. ரெய்டுகளுக்குப் பெயர்போன மும்பையில் தொண்ணூறுகளில் பாதிப்பேருக்கு மேல் தொற்று ஏறியபோது, சோனாகாச்சியில் அது பத்தில் ஒருவர் என்ற அளவை ஒட்டியே நின்றது. கூலி பேச சங்கம் வேண்டும் என்று சொல்கிற நமக்கு இது புரியாத கணக்கா?

தமிழ்நாடும் நல்லது செய்திருக்கிறது. 1994-இல் நாட்டிலேயே முதலாவதாக எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்தது இங்கேதான். ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவரெல்லாம் எழுதியபோது ஊரே சிரித்தது. எனக்கு அந்த விளம்பரத்தின் மேல் தனி மரியாதை உண்டு, ஏனென்றால் ஒரே ஒருமுறை கேள்வி ஆணைப் பார்த்துக் கேட்கப்பட்டது.

நம் பக்கத்துக்கும் வருகிறேன். 2005-இல் குஷ்பு ஒரு பேட்டியில், திருமணத்துக்கு முன் உறவுகொள்ளும் பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றார். எந்த நம்பிக்கை மையத்திலும் ஆலோசகர் சொல்கிற வாசகம்தான். அதற்கு எதிராகத் துடைப்பத்தையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது யார்? பா.ம.க. வந்தது ஆச்சரியமில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் வந்தார்கள். தமிழ்ப் பெண்ணின் கற்பைக் காப்பதற்கு! இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010-இல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. சாதி நிலைப்பதே அகமணத்தால், அகமணம் நிலைப்பது பெண்ணைக் காவலில் வைப்பதால் என்று 1916-இலேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். விபசாரம் என்ற சொல்லே பெண்ணை மட்டும் குறிவைக்கிறது என்று பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் ஓர் அத்தியாயமே எழுதினார். இருவர் படத்தையும் மேடையில் வைத்துக்கொண்டு கற்புக்குக் காவல் நிற்பது எந்த ஊர் சாதி ஒழிப்பு?

சில தோழர்கள் இன்னொரு கேள்வி கேட்பார்கள், அதற்கு மதிப்புண்டு. இந்தத் தொழிலில் தள்ளப்படுவதே பெரும்பாலும் சாதியும் வறுமையும் செய்கிற வேலை. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் தலித் சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டார்கள். அப்படியிருக்க இதைத் தொழில் என்று எப்படி ஒப்புக்கொள்வது? நான் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. மலக்குழி மரணத்துக்கு எதிராக நாம் போராடுகிறோம் அல்லவா? அந்த வேலை ஒழிய வேண்டும் என்கிறோம். 2013-இன் சட்டம் இறக்கிவிட்டவனைத் தண்டிக்கச் சொல்கிறது, குழிக்குள் இறங்கியவரை அல்ல. இறங்கியவரைப் பிடித்து மூன்று வருடம் ‘காப்பகத்தில்’ வைத்து, ரத்தத்தை எடுத்து, முகத்தை மறைத்துப் படம் போட்டால் நாம் சும்மா இருப்போமா? மலக்குழித் தொழிலாளிக்குக் கேட்கிற நியாயத்தை இந்தப் பெண்ணுக்குக் கேட்க மட்டும் ஏன் நா கூசுகிறது?

கையில் சட்டம் இல்லாமலும் இல்லை. எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் யாரையும் சோதிக்கக்கூடாது என்கிறது. 2022 மே 19-இல் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக்கூடாது, மாநில அரசுகள் காப்பகங்களைக் கணக்கெடுத்து, விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களை, காலக்கெடு வைத்து விடுவிக்க வேண்டும்.

எனவே தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியது எளிது. மயிலாப்பூரில் தொடங்கி எல்லாக் காப்பகங்களிலும் அந்தக் கணக்கெடுப்பின் முடிவு என்ன? எத்தனை வயது வந்த பெண்கள் உள்ளே இருக்கிறார்கள், எத்தனை பேர் வெளியே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எத்தனை பேரை விட்டார்கள்? உள்ளே எடுக்கப்படும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் சம்மதப் படிவம் இருக்கிறதா? அந்த ஆறு பேரைப் பற்றி 1986-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இந்தப் பதிலையும் அதே அவையில் வைக்கட்டும். நம் தோழர்களுக்கு அங்கே உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கேள்வி எழுப்ப ஒரு துண்டுத்தாள் போதும்.