விலையில் கை வைக்கும் முன்

‘ஆடியில் பார்ட்டி வராது, தையில் பார்க்கலாம்’ என்று தரகர் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்கும் வீட்டுக்காரர்கள் மயிலாடுதுறையில் தெருவுக்கு நாலு பேர். தையிலும் யாரும் வராவிட்டால் விலையில் ஐந்து லட்சத்தைக் குறைக்கிறார்கள். அதற்கு முன் பீரோவிலிருக்கும் பத்திரக் கட்டை அவிழ்த்துப் பாருங்கள் என்பதுதான், பத்திர எழுத்தராகவே வாழ்ந்துவிட்ட நான் அவர்களிடம் சொல்வது.

இங்கே பழைய வீடு தேடி வருபவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். நாற்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரும். மீதி எட்டு லட்சம் அவர் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னும் மூன்று லட்சத்து அறுபதாயிரம். நகையை அடகு வைத்து இவ்வளவையும் புரட்டியவர், வங்கியின் வக்கீல் ‘பட்டா தாத்தா பேரில் இருக்கிறது’ என்று எழுதிய மறுநாள் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார். பத்து பேர் வரிசையில் நிற்கும் காலத்தில் ஒருவர் போனால் அடுத்தவர் உண்டு. இப்போது அந்த ஒருவர்தான் வருகிறார்.

பட்டாவைவிடப் பெரிய தடை உடன்பிறந்தவளின் கையெழுத்து. உயில் எழுதாமல் இறந்த இந்துத் தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு என்பது 1956 முதல் சட்டம். ‘அதான் சீர் செஞ்சாச்சே’ என்று அண்ணன் தம்பிகள் இன்னமும் என்னிடம் வந்து சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அட்வான்ஸ் வாங்கிய பிறகு தங்கையிடம் கையெழுத்துக் கேட்டுப் போய், விற்பனையும் உறவும் சேர்ந்தே முறிந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் அவளிடம் பேசுங்கள், அவள் பங்கைச் சொல்லுங்கள். அப்புறம் தரகரைக் கூப்பிடலாம்.

தரகர்களிடமும் ஒரே விலையைச் சொல்லுங்கள். ஒருவர் நாற்பது, இன்னொருவர் முப்பத்தாறு என்று சொல்லித் திரிந்தால், வாங்குபவர் முப்பதில்தான் பேச்சை ஆரம்பிப்பார். வாசல் பலகையில் போன் நம்பர் மட்டும் போதாது. மனை எத்தனை சதுரடி, எந்தத் திசை வாசல், என்ன விலை என்பதையும் எழுதுங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரு கோப்பில் போட்டு, வீடு பார்க்க வருபவர் கையில் கொடுத்துவிடுங்கள். பின்கட்டில் மழைக்கு ஒழுகினால் அதையும் நீங்களே காட்டுங்கள். சுண்ணாம்பு அடித்து மறைத்த கறை ஐப்பசி மழையில் வெளியே வந்துவிடும், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள்.

இவ்வளவும் செய்தும் விற்கவில்லையென்றால் விலையைக் குறைக்கலாம். அப்போதும் அரசின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே விற்றாலும் தீர்வை அந்த மதிப்புக்குத்தான் கணக்கு, அந்தச் சுமை வாங்குபவர் தலையில் விழும். விலை எதுவானாலும், கையெழுத்துப் போட நேரில் வரமுடியாத பங்குதாரர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் வரவேண்டும், வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரையிட வேண்டும். அவருக்கு இந்த வாரமே போன் போட்டுவிடுங்கள்.