சாயங்காலம் 4 மணிக்குப் பிறகு பையன் எங்கே? தாயில்பட்டிக்குத் தேவை பாளையங்கோட்டை "ஸ்டடி"

சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகள் காலையில் என்ன செய்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். மத்தியானம் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் தெரியும். சாயங்காலம் 4 மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு? அந்தக் கணக்கு எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. தெரிந்தவர்களும் வாயைத் திறப்பதில்லை.

பையன் வீட்டுக்குத்தான் போகிறான். ஆனால் தாயில்பட்டி, வெம்பக்கோட்டை பக்கம் சில வீடுகள் வீடாக இல்லை. திரி ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், நடுவில் அடுப்பு! 2021 ஜூனில் தாயில்பட்டியில் ஒரு வீட்டில் கள்ளத்தனமாகப் பட்டாசு செய்தபோது வெடித்தது. செத்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. நாலு நாள் பரபரப்பு. அப்புறம் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1986-இல் ஒரு சட்டம் வந்தது. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு, ஆபத்தான வேலையில் பிள்ளையை வைத்தால் ஆளுக்கு 20 ஆயிரம் ரூபாய் கட்டு என்று முதலாளிகளுக்கு உத்தரவு போட்டது. 2016-இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் பிள்ளை கை கொடுக்கலாம், ஆனால் வெடிமருந்து போன்ற ஆபத்தான தொழில் வீட்டிலும் கூடாது என்பது இன்றைய சட்டம். பட்டாசு ஆபீஸ் கேட்டில் இன்ஸ்பெக்டர் நிற்கலாம். வீட்டு வாசலில் ராத்திரி 8 மணிக்கு எந்த இன்ஸ்பெக்டர் நிற்பார்?

இதற்கு மருந்து பாளையங்கோட்டையில் இருக்கிறது. மருந்து என்றதும் பயப்பட வேண்டாம், இது வேறு மருந்து!

ஒரே ஜில்லா

பாளையங்கோட்டை தூய சவேரியார் பள்ளி 1880-இல் ஏற்பட்டது. நடத்துகிறவர்கள் சேசு சபை சாமியார்கள். 1773-இல் போப்பாண்டவரே அந்தச் சபையைக் கலைத்துவிட்டார். 1814-இல் அது மறுபடி உயிர் பெற்றது. 1838-இல் பிரெஞ்சு சாமியார்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தார்கள். 1844-இல் நாகப்பட்டினத்தில் சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கி, 1883-இல் அதைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். பாளையங்கோட்டைப் பள்ளி அதே காலத்துப் பிள்ளை. 1923-இல் அங்கே கல்லூரியும் வந்தது. சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து தீப்பெட்டிக்கு அடி போட்டதும் அதே 1923-ஐ ஒட்டித்தான்! ஒரு பக்கம் கல்லூரி, ஒரு பக்கம் தீக்குச்சி.

"பாளையங்கோட்டை எங்கே, தாயில்பட்டி எங்கே?" என்று கேட்கலாம். 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா பிரியும் வரை சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி ஜில்லாதான். 1876-லேயே ரயிலும் ஓடியது. சாத்தூரில் ஏறினால் மணியாச்சி வழியாகத் திருநெல்வேலி. டிரங்குப் பெட்டியோடு போர்டிங்குக்குப் போகிற பையனுக்கு அது வேற்றூர் இல்லை.

மணியில் தொடங்கிய கதை

பள்ளிக்குப் பெயர் கொடுத்த சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அந்த மணியை அவருடைய சபைக்காரர்கள் இன்றுவரை கீழே வைக்கவில்லை.

அவர்களுடைய பள்ளிகளுக்கு 1599-இலேயே ஒரு சட்டப் புத்தகம் உண்டு. அதைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். நேற்று நடத்திய பாடத்தை இன்று திருப்பிச் சொல்ல வேணும். சனிக்கிழமை அந்த வாரத்துப் பாடம் முழுவதும் மறுபடி வரும். வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்துப் போட்டி வைப்பார்கள். பத்துப் பையனுக்கு ஒரு தலைமைப் பையன், அவனிடம் பாடம் ஒப்புவிக்க வேணும். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை தெரியுமில்லையா? அதே ஆள்தான், வேறு சட்டை!

இந்தப் பள்ளிகளின் பெருமை என்றால் கோபுரம், மைதானம், பேண்டு வாத்தியம், டிசம்பர் 3-ஆம் தேதி சவேரியார் திருநாள், பதவிக்கு வந்த பழைய மாணவர் பட்டியல் என்றுதான் பேசுவார்கள். அதெல்லாம் அலங்காரம். உயிர் இருப்பது போர்டிங்கின் "ஸ்டடி" நேரத்தில்.

சாயங்காலம் விளையாட்டு. கை கால் கழுவல். மணி. அப்புறம் எல்லோரும் ஒரே ஹாலில். பேச்சு கூடாது. மேற்பார்வைக்கு ஒருத்தர் நடந்துகொண்டே இருப்பார். தூங்கினால் தட்டி எழுப்புவார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கிற வரை புத்தகம். பணக்காரப் பையனுக்கும் அதே பெஞ்சு, கட்டை அடுக்குகிற வீட்டுப் பையனுக்கும் அதே பெஞ்சு. அந்த நேரத்தில் யாரும் அவனை "ஏலே, இந்தப் பெட்டியை ஒட்டிட்டுப் போடா" என்று கூப்பிட முடியாது. இதுதான் விஷயம்! போர்டிங் அந்தப் பையனுக்குச் சோறு மட்டும் போடவில்லை. அவனுக்கென்று தினமும் இரண்டு, மூன்று மணி நேரத்தைப் பிடித்து வைத்துக் கொடுத்தது.

குறை இல்லாமலா?

குறையும் உண்டு. போர்டிங் சாம்பார் ருசியைப் பற்றிப் பழைய மாணவர்களிடம் கேட்க வேண்டாம், பிரம்பைப் பற்றியும் கேட்க வேண்டாம். சாதி விஷயத்தில் திருச்சபையின் கையும் சுத்தமில்லை. வடக்கன்குளம் கோவிலில் சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். அதை இடிக்க 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது, இடித்ததற்குக் கோர்ட்டு வழக்கும் நடந்தது. இன்னொன்று, இது பையன்கள் பள்ளி. பட்டாசு, தீப்பெட்டி வேலையில் பாதிக்கு மேல் சுமப்பது பெண்கள். அண்ணனை போர்டிங்குக்கு அனுப்பினால் தங்கச்சி இரண்டு பங்கு பெட்டி ஒட்டுவாள். அதையும் யோசிக்க வேணும்.

ஆகவே, எல்லாப் பையனையும் பாளையங்கோட்டைக்கு அனுப்பு என்பது பேச்சில்லை. அனுப்பவும் முடியாது. பெட்டிக்கும் படுக்கைக்கும் பீசுக்கும் எங்கே போவது? போர்டிங்கைத் தூக்கி வர வேண்டாம், ஸ்டடியை மட்டும் கொண்டு வந்தால் போதும்.

காலை, மத்தியானம், சாயங்காலம்

விருதுநகருக்கு இதெல்லாம் புதுசா? சத்திரிய வித்தியாசாலை வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வளர்ந்த பள்ளி. அங்கே படித்த காமராஜர் 1956-இல் மத்தியானச் சோறு போட்டார். எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. பாக்கி சாயங்காலம்தான். 2021-இல் "இல்லம் தேடிக் கல்வி" என்று தொண்டர்களை வைத்து ஒன்றரை மணி நேரம் நடத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் அது 8-ஆம் வகுப்பு வரைக்கும்தான். வேலைக்குக் கை முதிர்ந்த 9, 10, பிளஸ் 2 பிள்ளைகள் அதில் வரவில்லை.

"விருதுநகர் மாவட்டம் பிளஸ் 2 தேர்ச்சியில் எத்தனை வருஷம் முதலிடம் வாங்கியிருக்கு, இங்கே என்ன குறை?" என்பார்கள். வாஸ்தவம். ஆனால் தேர்ச்சி வேறு, மேலே படிக்கப் போதுமான மார்க் வேறு. 35 வாங்கினவனுக்கும் தேர்ச்சிதான். அவன் மறுநாள் எந்த வேனில் ஏறுகிறான் என்று பார்த்தால் தெரியும்.

என்ன செலவு? பள்ளிக்கூடக் கட்டிடம் சாயங்காலம் சும்மாதான் கிடக்கிறது. இரண்டு வகுப்பறை, டியூப்லைட், ஒரு வாட்ச்மேன், மேற்பார்வைக்கு ஊதியத்தோடு ஒருத்தர், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சுண்டல். பையன்கள், பொண்ணுகள் எல்லோருக்கும். 6 மணி முதல் 9 மணி வரை. வீடு வரை கொண்டுவிட ஆள். கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இதில் 400 வருஷத்துப் பழக்கம் இருக்கிறது. எப்படி நடத்துவது என்று அரசுப் பள்ளிகளுக்கு அவர்கள் சொல்லித் தரலாம். பட்டாசு முதலாளிகள் கரண்டு பில்லைக் கட்டலாம், அவர்களுக்கு அது ஒரு பெட்டி சரவெடிக் காசு.

பெற்றோர் அனுப்புவார்களா? சும்மா அனுப்ப மாட்டார்கள். பிள்ளை ஒட்டுகிற பெட்டியில் வருகிற சில்லறையும் அந்த வீட்டுக்கு அரிசிதான். அதனால் வருகைக்கு ஏற்ப மாதம் ஒரு சின்னத் தொகை தாயின் பெயரில் போட வேண்டியிருக்கும். அதைச் சொல்லாமல் "படிக்க அனுப்புங்க" என்று உபதேசம் செய்தால் காது கொடுக்க ஆள் இருக்காது.

ஆடி 18-இல் சிவகாசியில் பூஜை போட்டுத் தீபாவளி வியாபாரத்தைத் தொடங்குவார்கள். அப்புறம் மூன்று மாதம் எந்த வீட்டிலும் ஒரு கை சும்மா இருக்காது. ஸ்டடி தொடங்குவதானால் ஜூனில் பள்ளி திறக்கிற வாரமே தொடங்க வேணும். ஆடிக்கு அப்புறம் பையனைப் பிடிக்க முடியாது.