ஆக்சா பிளேடும் டர்போ காரும்

டர்போ கார் என்றதும் பேச்சு எத்தனை குதிரை சக்தி, நூறைத் தொட எத்தனை விநாடி என்றுதான் போகும். அந்தக் காரில் என்ன ஸ்பார்க் பிளக் போட்டிருக்கிறது, அதன் கேப் எவ்வளவு என்று கேட்கிற ஆள் அபூர்வம். ஆனால் அத்தனை குதிரைகளும் ஓடுவதும் படுத்துக்கொள்வதும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த இடைவெளியைப் பொறுத்துத்தான். தென்காசி, குற்றாலம் மாதிரி மலையடிவார ஊர்களில் இது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம்.

முதலில், டர்போ பெட்ரோல் கார்கள் இத்தனை சாதாரணமாக எப்படி ஊருக்குள் வந்தன? பாதி தொழில்நுட்பம், பாதி வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் சின்ன கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. நீளம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது, பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.யைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், பெட்ரோல் கார் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40 சதவீதம்!

கம்பெனிக்காரன் என்ன செய்வான்? இன்ஜினைப் பெரிதாக்கினால் வரி ஏறும். இன்ஜினைச் சின்னதாகவே வைத்துக்கொண்டு காற்றை அழுத்தி உள்ளே திணித்தால் வரி ஏறாது, சக்தி மட்டும் ஏறும். 2013ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1197 சி.சி., அதே வருஷம் வந்த எக்கோஸ்போர்ட் எக்கோபூஸ்ட் 999 சி.சி. பிறகு 2017ல் நெக்ஸான் (1199), 2019ல் வென்யூ (998), 2023ல் ஃப்ரான்க்ஸ் (998). 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்து, மாருதி டீசல் கார்களையே நிறுத்திய பிறகு, டீசல் இழுவைக்குப் பழகியவர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊர் மெக்கானிக்குகளுக்கு டர்போ புதிதல்ல. ஆனால் அவர்கள் கை பழகியது டீசல் டர்போவில். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது (ஹீட்டர் பிளக் வேறு சமாச்சாரம்). ஸ்பார்க் பிளக்கும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதைப் பழகியது மாருதி 800, ஆம்னி, பைக்குகளில். அவற்றில் டர்போ கிடையாது. இரண்டும் தனித்தனியாகத் தெரிந்த கைக்கு, இரண்டும் சேர்ந்த வண்டி வந்திருக்கிறது. இதில் மெக்கானிக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய வண்டிக்குச் சரியாக இருந்த வழக்கத்தைப் புது வண்டிக்கும் அப்படியே கொண்டுபோவதுதான் தப்பு.

அந்த வழக்கத்தின் சின்னம் ஆக்சா பிளேடு. பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கேப்பில் ஆக்சா பிளேடை விட்டுப் பார்த்து, கொக்கியை ஒரு தட்டு தட்டி மாட்டிவிடுவது. பிளேடின் கனம் சுமாராக 0.6 மில்லிமீட்டர் சொச்சம். பழைய பைக் பிளக்குகளின் கேப்பும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பதால் வேலை நடந்தது. டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 வரை வரும். டர்போ இல்லாத கார்களில் 1.0, 1.1 வரைகூட இருக்கும். இப்போது கவனிக்க வேண்டியது, பிளேடு 0.7 கேப்பிலும் நுழையும், 1.1 கேப்பிலும் நுழையும். கேப் மிகக் குறுகலாக இல்லை என்பதை மட்டும் அது சொல்லும். அகலமாகிவிட்டதா என்பதைச் சொல்லாது. டர்போ வண்டிக்கோ அகலம்தான் எதிரி.

ஏன் எதிரி? 1889ல் ஃபிரெடரிக் பாஷென் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் ஒன்றைக் கண்டறிந்தார். இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே மின்பொறி தாவ எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது, அங்கே இருக்கும் வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வருவதைப் பொறுத்தது. இன்ஜினுக்குள் இருக்கும் நிலைமையில், அழுத்தம் கூடினாலும் வோல்ட் கூட வேண்டும், இடைவெளி கூடினாலும் வோல்ட் கூட வேண்டும். டர்போ செய்வதே அழுத்தத்தைக் கூட்டுவதுதான். ஆக, தாவ வேண்டிய தூரத்தைக் குறைத்தால்தான் காயிலின் சக்திக்குள் கணக்கு முடியும். சூப்பர்சார்ஜருக்கும் இதே கணக்குதான். டர்போவைச் சுழற்றுவது புகை, சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது பெல்ட். காற்றைத் திணித்தது யார் என்று பிளக்குக்குத் தெரியாது!

காயிலால் அந்த வோல்ட்டைக் கொடுக்க முடியாவிட்டால் மிஸ் அடிக்கும். ஐட்லிங்கில் அடிக்காது, ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போதும் அடிக்காது. முழு பூஸ்ட் கேட்கும்போதுதான் அடிக்கும். செங்கோட்டை தாண்டி, புளியரையிலிருந்து ஆரியங்காவு பக்கம் ஏறும் கொல்லம் சாலையை நினைத்துப் பார்த்தால் போதும். முன்னால் பாரம் ஏற்றிய லாரி, எதிரே வளைவு, மேலே சாரல். முந்திச் செல்ல ஆக்ஸிலேட்டரை அழுத்திய அந்த நொடியில்தான் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அந்த நொடியில் மூன்று சிலிண்டரில் ஒன்று படுத்துவிட்டால், முந்தப் போன கார் லாரிக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். கேப் என்பது வெறும் மைலேஜ் விஷயம் இல்லை.

சாரலுக்கும் இதில் பங்குண்டு. கேப் அகலமாக இருந்தால் மின்சாரம் சும்மா இருக்காது, சுலபமான வேறு வழி தேடும். பிளக்கின் வெளிப் பீங்கானிலோ, காயிலின் ரப்பர் பூட்டுக்குள்ளோ ஈரமும் அழுக்கும் இருந்தால் அந்த வழியாக இன்ஜின் பாடிக்குப் போய்விடும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை காற்றே நனைந்திருக்கும் ஊரில், வெயில் ஊரைவிடக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவைப்படும். பழைய ரப்பர் பூட் வெடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

'அப்படியானால் கேப்பை 0.5க்குக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?' என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. கேப் குறைந்தால் பொறியும் சின்னதாகும், அதிலிருந்து கிளம்பும் தீக்கருவும் சின்னதாகும். ஐட்லிங் தடுமாறும், மெதுவான ஓட்டத்தில் சரியாக எரியாது. எதுவும் மாற்றாத வண்டிக்குக் கம்பெனி சொன்ன அளவே போதும்.

அடுத்தது 'கோல்ட் பிளக்' மோகம். ஹாட் பிளக், கோல்ட் பிளக் என்பதற்குப் பொறியின் சூட்டோடு சம்பந்தமே இல்லை. பிளக்கின் மூக்குப் பகுதிப் பீங்கான் நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரமாகும், அது ஹாட். குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கும், அது கோல்ட். மூக்கு சுமார் 450, 500 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். 800, 850ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே மூக்கின் சூட்டிலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். அப்படித் தொடர்ந்து பற்றினால் பிஸ்டனே உருகிப்போகலாம். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் பிளக்கை வைத்திருப்பதுதான் ஹீட் ரேஞ்சின் வேலை.

தென்காசி கார் இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே நாளில் தொட்டுவிட்டு வரும். காலையில் புளியரை ஏற்றத்தில் முழு பூஸ்ட். மாலையில் சீசன் கூட்டத்தில், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு இருக்கிற ஐந்தாறு கிலோமீட்டரை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்து கடக்கும். ஏற்றத்தை மட்டும் பார்த்தால் கோல்ட் பிளக் நல்லதாகத் தோன்றும். ஆனால் ஐந்தருவி போகும் வழியில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்கிற காரில், அளவுக்கு மீறிய கோல்ட் பிளக் 450 டிகிரியைத் தொடவே தொடாது. கரி பிடிக்கும், கரி வழியாக மின்சாரம் கசியும், மிஸ் அடிக்கும். 'மலைக்குப் போகிற வண்டி, ஒரு நம்பர் கோல்டாகப் போடு' என்ற அறிவுரை பாதி உண்மை. மீதிப் பாதி கூட்டத்தில் மாட்டும்போது தெரியும். ஏற்றத்தையும் ஊர்தலையும் சேர்த்து யோசித்துத்தான் கம்பெனி ஒரு ஹீட் ரேஞ்சைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

இதற்கு விதிவிலக்கு ஒன்றுண்டு. இ.சி.யூ.வில் ரீமேப் செய்து பூஸ்ட்டைக் கூட்டியவர்கள். அவர்கள் இன்ஜினுக்குக் கம்பெனி கணக்கு பொருந்தாது. ஒரு படி கோல்டான பிளக், 0.6 பக்கம் கேப் என்று போக வேண்டியிருக்கும். ரீமேப் விற்கிறவர் பிளக்கைப் பற்றிப் பேசவே இல்லை என்றால், அவர் பாதி வேலையைத்தான் விற்கிறார் என்று அர்த்தம். மீதிப் பாதியின் செலவு காரின் சொந்தக்காரர் தலையில் விழும்.

ஒரு படி கோல்ட் என்று கேட்டு வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது (ஸ்பார்க் அல்ல, எலிப்பொறி!). என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் நம்பர் ஏற ஏற கோல்ட். பாஷ், சாம்பியனில் நம்பர் ஏற ஏற ஹாட். என்.ஜி.கே. 6க்கு டென்சோவில் 20, 7க்கு 22. கம்பெனி மாற்றி வாங்கும்போது நம்பரைத் தோராயமாகப் பார்த்து எடுத்தால் நினைத்ததற்கு நேர் எதிரானது கைக்கு வரலாம். வால் எண்ணும் முக்கியம். என்.ஜி.கே. பிளக்கில் கடைசியில் 11 என்று இருந்தால் கேப் 1.1, 8 என்று இருந்தால் 0.8. முன்னால் உள்ள எழுத்தெல்லாம் ஒன்றாக இருந்து வால் மட்டும் மாறியிருந்தால், 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்று கடைக்காரர் கொடுப்பதை டர்போ வண்டிக்கு அப்படியே மாட்டக்கூடாது.

இப்போது காசு கணக்கு. இரிடியம் பிளக் விலை கூடுதல்தான். ஆனால் சாதாரண நிக்கல் பிளக்கைவிட இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓடும். முனை மெதுவாகத் தேய்வதால் கேப்பும் மெதுவாகத்தான் அகலமாகும். தேய்ந்த பிளக்கில் மிச்சம் பிடிப்பவர் முதலில் காயிலை வருத்துகிறார். காயில் போனால் மிஸ் அடிக்கும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கும். பிளக்கைவிட காயில் விலை அதிகம், காயிலைவிட கன்வெர்ட்டர் மிக அதிகம். சின்னச் செலவைத் தள்ளிப்போட்டுப் பெரிய செலவை அழைத்து வருவதற்குச் சிக்கனம் என்று பெயர் கிடையாது. வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. சீசன் இரண்டு மூன்று மாதம்தான், அதில் வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் திரும்பி வராது.

செய்ய வேண்டியது ரொம்ப எளிது. மேனுவலில் இருக்கும் பிளக் நம்பரைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகலாம். போலி பிளக்குகளும் உலவுவதால் பில் கொடுக்கிற கடையாகப் பார்ப்பது நல்லது. இன்ஜின் ஆறிய பிறகு, பிளக் குழியில் இருக்கும் தூசியை ஊதிவிட்டுக் கழற்ற வேண்டும். புதுப் பிளக்காக இருந்தாலும் பெட்டியில் இடிபட்டிருக்கலாம், அதனால் கம்பி வகை கேஜால் ஒருமுறை அளக்க வேண்டும். திருத்த வேண்டியிருந்தால் வெளிக் கொக்கியை மட்டும் மெல்ல வளைக்கலாம். நடுக்கம்பியின் மேல் எதையும் ஊன்றி நெம்பக் கூடாது, ஏனென்றால் இரிடியம் முனை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய ஊசி, ஒடிந்துவிடும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். கீழே விழுந்த பிளக்கை மாட்டாமல் இருப்பதே மேல், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். முறுக்கும்போது கைப்பலத்தைக் காட்டக் கூடாது. அலுமினியம் ஹெட்டில் 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 போதும்.

இதையெல்லாம் மெக்கானிக்கிடம் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. 'அண்ணே, இது டர்போ வண்டி, கேஜ் வச்சு ஒரு தடவை அளந்து போட்டிருங்க' என்று மரியாதையாகச் சொன்னால் எந்த நல்ல மெக்கானிக்கும் கோபிக்க மாட்டார். பட்டறையில் கேஜ் இல்லை என்றால் கார்க்காரரே ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைக்கலாம். லட்சக்கணக்கில் கொடுத்துக் கார் வாங்கியவருக்கு அது ஒரு செலவே இல்லை. ஆக்சா பிளேடு இரும்பு அறுக்கட்டும். கேப் அளக்க கேஜ் இருக்கிறது.