போன பெயர் திரும்புமா?

கெட்ட பெயர் வாங்க ஒரு வருஷம் போதும். அதைத் துடைக்க? கொரியாவின் ஹூண்டாய் காரைக் கேளுங்கள், சொல்லும்!

1986-ல் அமெரிக்காவில் 'எக்ஸெல்' என்ற சின்னக் கார் 4,995 டாலருக்கு வந்து இறங்கியது. மலிவு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? முதல் வருஷமே 1,68,000-க்கு மேல் விற்றது. பிறகு துருவும் பழுதும் தலைகாட்டின. டெலிவிஷன் ஹாஸ்யக்காரர்களுக்கு நல்ல தீனி!

1998-ல் கம்பெனி ஒரு துணிச்சல் செய்தது. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் 10 வருஷம் அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம்! ரிப்பேர்ச் செலவு தன் தலையில் விழும் என்றால் தயாரிப்பில் கவனம் வராமல் போகுமா? 2004-ல் ஜே.டி. பவர் நடத்திய புதுக் கார் தரக் கணிப்பில், ஹோண்டா கம்பெனியோடு இரண்டாம் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டது.

அத்துடன் கவலை தீர்ந்ததா? இல்லை. 2015-லிருந்து எஞ்சின் கோளாறுக்காகப் பல கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

ஒரு விஷயம், சகோதரிகளே! அந்த 10 வருஷம் முதல் சொந்தக்காரருக்கு மட்டுந்தான். அங்கே பழைய காராக வாங்குகிறவருக்கு 5 வருஷம், 60,000 மைலோடு சரி. அதுவும் கார் முதலில் விற்ற நாளிலிருந்து கணக்கு. அமெரிக்காவிலுள்ள மகளோ மருமகளோ கார் வாங்கப் போகிறாளா? பெயரைக் கேட்டு மயங்காமல், உத்தரவாதச் சீட்டின் பொடி எழுத்தையும் படிக்கச் சொல்லுங்கள்!