ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்

அமெரிக்க ரெசிடென்சிக்கு அப்ளை பண்ற தம்பி ஒருத்தன் நேத்து போன்ல கேட்டான்: "அண்ணே, சர்ஜரிதான் ஆசை. பாதுகாப்புக்கு இன்டர்னல் மெடிசினும் போடலாமா? பொய் சொல்ற மாதிரி இருக்கே?"

என்னைக் கேட்டா, தாராளமா போடலாம். நானும் போட்டவன்தான். ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் தனித்தனி பெர்சனல் ஸ்டேட்மென்ட் அனுப்ப ஈராஸ்லயே வழி இருக்கு. ரேங்க் லிஸ்ட்ல ரெண்டு துறையையும் கலந்து எழுதலாம். மேட்ச் கணக்கு நம்ம முதல் விருப்பத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். கீழே இன்னொண்ணு இருக்கிறதால மேலே உள்ள வாய்ப்பு குறையாது.

ஆனா ஒண்ணு. மார்ச்ல வர்ற முடிவு நம்மைக் கட்டுப்படுத்தும். பிடிக்கலைன்னு உதறிட்டு வர முடியாது. மூணு வருஷம் செய்ய மனசில்லாத துறையை லிஸ்ட்ல எழுதவே எழுதாதீங்க.

எனக்குக் கிடைச்சது ரெண்டாவதுதான். இன்டர்வியூல "ஏன் மெடிசின்?"னு கேட்டப்போ மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சேன். எதிர்ல இருந்த டாக்டரம்மா லேசா சிரிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. இன்னைக்கு இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துது. ரெண்டு இடத்துல அப்ளை பண்றது பொய் இல்லை மக்களே. ரெண்டாவதுக்கு ஒரு காரணம்கூட யோசிக்காம போய் உட்கார்றதுதான் பொய்.